கம்பம் பள்ளத்தாக்குத் தமிழரும் சீன மொழிக் கற்றலும்: ஒலி, தொடர், உறவுப்பெயர் நிலைகளில் ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சீன மொழி பேசுவோரிடையே அயலாராக வாழ்ந்து அம்மொழியைக் கற்கும் தமிழர், பெரும்பாலும் ஆங்கிலவழிப் பாடநூல்களையே நம்பியுள்ளனர். தமிழுக்கும் சீனத்திற்கும் இடையே நேரடியாக அமைந்துள்ள ஒற்றுமைகள் இதனால் மறைகின்றன. ஆங்கிலத்திற்கு மட்டுமே உரிய இடர்ப்பாடுகள் தமிழ்க் கற்போர் மீதும் சுமத்தப்படுகின்றன. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் வட்டாரத் தமிழை அடிப்படையாகக் கொண்டு, மாண்டரின் எனப்படும் பொதுச் சீனத்தைக் கற்கையில் எழும் ஒலியியல் தடைகளையும், தொடரமைப்பும் உறவுப்பெயர்களும் தரும் துணைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. சீனாவில் மருத்துவம் பயிலும் மாணவர் நோயாளியிடம் பேசவேண்டிய சூழல் எடுத்துக்காட்டுகளுக்குக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: சீன மொழி, தொனி, மூச்சொலி, பெயரெச்சம், உறவுப்பெயர், கம்பம் பள்ளத்தாக்கு, இரண்டாம் மொழிக் கற்றல்

முன்னுரை

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையின் அடிவாரத்தில் தேநீர்க் கடைக்காரர் 'டீ' என்பார். மேலேறி முடித்த இடத்தில் அதே குவளையின் பெயர் 'சாயா'. இரண்டும் சீனச் சொற்களே. ஃபூஜியன் கடற்கரையின் மின் கிளைமொழியில் வழங்கும் 'தே' என்னும் வடிவம் டச்சு வணிகரின் கப்பல்வழி ஐரோப்பாவிற்குச் சென்றது. தமிழின் 'தேயிலை', 'தேநீர்' ஆகியவை இவ்வடிவத்தின் வழிவந்தவை. வட சீனத்திலும் காண்டன் வழக்கிலும் உள்ள 'ச்ஹா' என்னும் வடிவம் தரைவழியே பாரசீகத்திற்கும், போர்ச்சுக்கீசியர்வழிக் கடலோரங்களுக்கும் பரவிச் 'சாய்', 'சாயா' எனலாயிற்று. மலையாளம் இலைக்குத் 'தேயில' எனவும் பானத்திற்குச் 'சாயா' எனவும் இரு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டுள்ளது. சென்னைப் பகுதியினர் சர்க்கரை என்பதைத் தென்மாவட்டத்தார் 'சீனி' என்பதும் சீன நாட்டுப் பெயரின் வழிவந்த வழக்கே.

இத்தகைய கடன்சொற்கள் தொடர்பின் தடயங்களே அன்றி மொழியறிவின் தடயங்கள் அல்ல. தமிழும் சீனமும் ஒரே கல்லில் அருகருகே நின்ற காலமும் உண்டு. சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. இலங்கையின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட, 1409-ஆம் ஆண்டிற்குரிய மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. இவற்றை எழுதுவித்தோருக்கு இடையில் இருமொழி அறிந்தோர் இருந்திருத்தல் வேண்டும். அவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதற்குச் சான்று எதுவும் எஞ்சவில்லை. இன்று அக்கல்வியைப் பெறுவோர் வணிகரினும் மிகுதியாக மாணவரே.

வார்டில் பேசப்படும் மொழி

பெருந்தொற்றுக்கு முன் சீனாவில் பயின்ற இந்திய மாணவர் எண்ணிக்கை 23,000-ஐக் கடந்திருந்தது. அவருள் பெரும்பாலோர் மருத்துவ மாணவர். வகுப்பறை மொழி ஆங்கிலம். தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் வெளியிட்ட விதிமுறைகளும், வெளிநாட்டில் பயிலும் மருத்துவப் படிப்பு ஆங்கிலவழியில் குறைந்தது 54 மாதங்கள் அமையவேண்டும் எனவும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்கவேண்டும் எனவும் வரையறுக்கின்றன. முரண்பாடு இங்கேதான் தோன்றுகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். பயிற்சிக் காலத்தில் படுக்கையில் கிடக்கும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். ஆகவே ஆங்கிலவழி மாணவரும் எச்.எஸ்.கே. எனப்படும் சீன மொழித் தேர்வின் நான்காம் நிலையை எட்டவேண்டும் என்பது சீனத் தரப்பின் எதிர்பார்ப்பு. பழைய ஆறு நிலைப் பாடத்திட்டத்தின்படி அது 1,200 சொற்களைக் கொண்ட நிலை.

2020 நவம்பரில் விசா வழங்கல் நிறுத்தப்பட்டது. மாணவர் திரும்புவதற்கான வழி 2022 ஆகஸ்டில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உடற்கூறியலைத் திரையில் பயில முடிந்தது. மொழியை அவ்வாறு பயில இயலவில்லை. காய்கறிக் கடையிலும் பேருந்திலும் விடுதிக் காவலரிடமும் நாள்தோறும் தவறாகப் பேசித் திருந்தும் வாய்ப்பு இல்லாதபோது, சீனம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மற்றொரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்கு நேரெதிரான முன்னோடி ஒருவர் உண்டு. 1938-இல் இந்திய மருத்துவக் குழு ஐந்து மருத்துவருடன் சீனா சென்றது. அவருள் ஒருவரான சோலாப்பூர் துவாரகநாத் கோட்னிஸ், போர்க்களத்தினூடே சீனம் கற்று, அம்மொழியிலேயே மாணவருக்குப் பாடம் நடத்தும் அளவிற்குத் தேர்ந்தார். 1942 டிசம்பரில் அங்கேயே மறைந்தார். அவருக்குக் கிடைத்த மொழிக்கல்வி முழுவதும் சூழலின் கொடை.

பள்ளத்தாக்கின் மொழிப்பழக்கம்

சூழலிலிருந்து மொழி கற்றல் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் விடியலிலேயே ஜீப்புகளில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், மலையாளத்தை எவ்வகுப்பிலும் கற்றவரல்லர். போடிநாயக்கனூரின் ஏல வணிகமும் இருமொழியில் இயங்குவது. தமிழகத்துள்ளேயும் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டு மொழியாகக் கொண்ட குடிகள் இப்பள்ளத்தாக்கில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, மலைமேல் ஒன்று என மொழிமாறிப் பேசுதல் இங்குத் திறமையாகக்கூட எண்ணப்படுவதில்லை.

ஆயினும் இப்பழக்கத்தின் உள்ளீட்டை உற்றுநோக்குதல் வேண்டும். தமிழர் மலையாளம் கற்கும் முறை ஊகத்தின் மேல் நிற்பது. வினைமுற்றின் ஈற்றிலுள்ள பால்காட்டும் விகுதியை நீக்கினால் மலையாளம் போல ஒலிக்கும். மூக்கொலிச் சேர்க்கைகளைச் சற்று மாற்றினால் சொல் பொருந்திவிடும். தவறினாலும் கேட்பவர் புரிந்துகொள்வார், ஏனெனில் அவரும் எதிர்த்திசையில் அதே ஊகத்தைச் செய்துகொண்டிருக்கிறார். இனமொழிகளுக்கிடையே மட்டும் செல்லுபடியாகும் நாணயம் அது. சீனத்தில் ஊகிப்பதற்கு உறவுச்சொல் இல்லை; சற்றே மாறிய ஒலி சற்றே மாறிய சொல்லாக அமையாமல் முற்றிலும் வேறொரு சொல்லாகிவிடுகிறது. பள்ளத்தாக்கில் வளர்ந்தவர் கொண்டுசெல்லும் துணிச்சல் சீனத்தில் பயன்படும். அவர் கொண்டுசெல்லும் முறை பயன்படாது. பல மொழி பேசி வளர்ந்தவருக்கு எம்மொழியும் எளிது என்னும் பொதுக்கருத்து இவ்விடத்தில் திருத்தம் பெறவேண்டியுள்ளது.

தொனி

பொதுச் சீனத்தில் தொனி நீங்கலாக வேறுபடும் அசைகள் ஏறத்தாழ 400. தொனியையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,300. ஆகவே ஓரசை பல சொற்களைச் சுமக்கிறது. முதல் தொனி உயர்ந்து சமமாக நிற்பது, இரண்டாவது ஏறுவது, மூன்றாவது தாழ்ந்து பின் எழுவது, நான்காவது விரைந்து இறங்குவது. இவற்றைத் தவிர அழுத்தமற்ற மெல்லசையும் உண்டு. இக்கட்டுரையில் தொனிகள் அசையின் பின் எண்ணால் சுட்டப்படுகின்றன.

பாடநூல்கள் வழக்கமாக 'மா' என்னும் அசையை எடுத்துக்காட்டும்: தாய், சணல், குதிரை, திட்டுதல். மருத்துவ மாணவருக்கு 'யாவ்' பொருத்தமான எடுத்துக்காட்டு. யாவ்1 என்பது இடுப்பு, யாவ்2 ஆட்டுதல், யாவ்3 கடித்தல், யாவ்4 மருந்து. 'வேண்டும்' என்பதும் யாவ்4 தான். இடுப்பு வலிக்கிறது என்பவருக்கும் நாய் கடித்தது என்பவருக்கும் மருந்து வேண்டும் என்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு, குரல் எவ்வழிச் செல்கிறது என்பதில் அடங்கியுள்ளது. கண்ணுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் உரிய சொற்கள் இரண்டாம் அசையின் தொனியில் மட்டுமே வேறுபடுகின்றன: யென்3ஜிங் எனக் கடையசை மெலிந்தால் கண், யென்3ஜிங்4 என இறங்கினால் கண்ணாடி.

தமிழில் தொனி இல்லை என்று கூறி நிறுத்திக்கொள்வது கற்பவருக்கு உதவாது. தமிழில் குரலேற்ற இறக்கம் உண்டு. அது தொடரின் மேல் பரவி நிற்கிறது, சொல்லின் மேல் அன்று. 'ம்' என்னும் ஒரே ஒலியைத் தேனிப் பேச்சில் ஏற்றிச் சொன்னால் 'என்ன?' என்னும் வினா. இறக்கிச் சொன்னால் உடன்பாடு. சமமாக நீட்டினால் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்னும் குறிப்பு. தாழ்த்தி எழுப்பினால் 'அப்படியா, பார்க்கலாம்' என்னும் ஐயம். நான்கு தொனிகளின் வடிவங்களும் கற்பவரின் தொண்டையில் முன்னமே உள்ளன. அவற்றைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. உணர்ச்சியிலிருந்து பிரித்துச் சொல்லில் பொருத்துதல் போதும்.

அப்பிரிப்புத்தான் கடினமானது. தமிழர் வினவும்போது தொடரின் ஈற்றை உயர்த்துவது இயல்பு. 'இது மருந்தா?' எனச் சீனத்தில் வினவ முற்படுபவர், பழக்கத்தால் கடைசி அசையை ஏற்றிவிடுகிறார். இறங்கவேண்டிய யாவ்4 ஏறி யாவ்2 ஆகிவிடுகிறது. ஐயத்தோடும் பணிவோடும் பேசும் புதிய மாணவரிடம் இத்தவறு மிகுவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனெனில் ஐயமும் பணிவும் தமிழில் குரலை ஏற்றுகின்றன. தொனியைத் தனிச்சொற்களாகப் பயிற்றுவித்தால் இத்தவறு வெளிப்படாது. வினாத்தொடரில் வைத்துப் பயிற்றினால்தான் வெளிப்படும்.

மூச்சொலியும் ஙகர ஈறும்

1958-இல் சீனத்தில் ஏற்கப்பட்ட பின்யின் உரோமன் எழுத்துமுறை, கற்போருக்குப் பெருந்துணை. ஆனால் ஆங்கிலம் அறிந்த தமிழருக்கு அதுவே ஒரு பொறி. அதில் ஆங்கிலத்தின் 'பி', 'டி', 'ஜி' எழுத்துகள் ஒலிப்புடைய ஒலிகளைக் குறிப்பதில்லை. மூச்சு வெளிப்படாத வல்லொலிகளைக் குறிக்கின்றன. தமிழில் சொன்முதல் வரும் பகரமும் தகரமும் ககரமும் அவற்றை ஏறத்தாழ அப்படியே தருபவை. பெய்ஜிங் என்னும் பெயரின் முதலொலியைத் தமிழ்ப் பகரத்தால் எழுதிப் படிப்பவர், அதை ஆங்கிலத்தில் படிப்பவரைவிடச் சீன ஒலிப்பை நெருங்கிவிடுகிறார்.

இடர் மறுபக்கத்தில் உள்ளது. சீனத்தின் மற்றொரு வல்லொலி வரிசை, வலிய மூச்சுடன் வெளிப்படுவது. தமிழ் நெடுங்கணக்கில் மூச்சொலிக்கு எழுத்தில்லை. பேச்சிலும் பொருள்வேறுபாட்டுக்கு அது பயன்படுவதில்லை. தூ4ட்ஸ என்பது வயிறு. த்ஹூ4ட்ஸ என்பது முயல். தொனியும் உயிரும் ஒன்றே. மூச்சு மட்டும் வேறு. தமிழர் இரண்டையும் மூச்சின்றி ஒலிப்பதால் அவர் வாயில் முயலும் வயிறாகிவிடும். வயிறு ஒருபோதும் முயலாவதில்லை. தவறு எப்போதும் ஒரே திசையில் நிகழ்கிறது என்பது கற்பிப்பவருக்கு நற்செய்தி: திருத்தவேண்டியது ஒரு பக்கம் மட்டுமே. 'வலி' என்னும் பொருளுடைய த்ஹங்2 மூச்சின்றி வந்தால், ஒத்த தொனியில் அப்படி ஒரு சொல்லே சீனத்தில் இல்லை. தொனியும் தடுமாறினால் 'காத்திரு' என்றோ 'விளக்கு' என்றோ கேட்கும். வலிக்கிறதா என வினவும் மருத்துவ மாணவர் விளக்கைப் பற்றிப் பேசுவதாக நோயாளி மலைப்பது நகைப்புக்குரியதன்று. மலையாள எழுத்துப் பயிற்சி உடையவருக்கு மூச்செழுத்துகளின் அறிமுகம் உண்டு. கம்பம், கூடலூர்ப் பகுதியினருள் அத்தகையோர்க்கு இவ்வகையில் ஒரு முன்னேற்பாடு அமைந்துள்ளது.

சீன அசை உயிரிலோ னகர, ஙகர மூக்கொலிகளிலோ, நாமடி ரகரத்திலோதான் முடியும். ச்ஹுவான்2 கப்பல், ச்ஹுவாங்2 கட்டில். தொல்காப்பியம் சொல்லிறுதிக்கு ஏற்கும் பதினொரு மெய்களுள் ஙகரம் இல்லை. இன்றைய தமிழரும் ஙகரத்தைக் ககரத் துணையின்றி இறுதியில் ஒலிப்பதில்லை. 'பெய்ஜிங்' எழுத்தில் ஙகரத்தோடு நின்றாலும் வாயில் 'பெய்ஜிங்கு' ஆகிறது. மற்றொருபுறம், பேச்சுத் தமிழில் 'அவன்', 'மரம்' போன்றவற்றின் இறுதி மூக்கொலி மறைந்து முன்னுள்ள உயிர் மூக்கினச்சாயல் பெறுகிறது. இவ்விரு பழக்கமும் சேர்ந்து, ஓர் இறுதியை மிகையாகவும் மற்றொன்றைக் குறையாகவும் ஒலிக்கச் செய்கின்றன. 'பாங்கன்' போன்ற சொல்லைப் பாதியில் நிறுத்தி, ககரம் பிறக்குமுன் நாவை அசையாமல் வைத்துக்கொள்ளப் பயிற்றினால் ஙகர ஈறு கைவரும்.

ழகரம் பற்றித் தனியே கூறுதல் தகும். 'மனிதன்', 'வெப்பம்' முதலிய சீனச் சொற்களின் முதலொலி, நாவை மடித்து எழுப்பும் நாமடி ஒலி; பல பேச்சாளரிடத்தில் அது தமிழ் ழகரத்திற்கு மிக அண்மையது. ஐரோப்பியர் பெரிதும் இடர்ப்படும் இவ்வொலி தமிழருக்கு எளிதாதல் வேண்டும். ஆனால் மதுரை, தேனி வட்டாரப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாக ஒலிக்கிறது. வாழைத்தார் விளையும் பள்ளத்தாக்கிலேயே 'வாளைப்பளம்' என்பதே வழக்கு. பிறப்புரிமையாக வரவேண்டிய துணை வட்டார வழக்கால் கைநழுவுகிறது. எழுத்துத்தமிழை உரக்கப் படித்துப் பழகியவருக்கு அது மீள்கிறது. சுவையான இணை ஒன்று சீனத்திலும் உண்டு. தென்சீனத்தாரும் தைவானியரும் நாமடி ஒலிகளைப் பல்லண்ண ஒலிகளோடு மயக்குவர். 'பத்து' என்பதன் 'ஷ' அவர் வாயில் 'ஸ' ஆகிவிடுவதால், பதினான்கும் நாற்பதும் தொனியின் வரிசையால் மட்டுமே வேறுபடும். தென்தமிழகத்து ழகரமும் தென்சீனத்து ஷகரமும் ஒரே வகையான விதியை அடைந்துள்ளன. தன் ஊர்ப் பேச்சை நினைவில் கொள்ளும் தேனி மாணவர் இம்மயக்கத்தைப் பிழையென வெறுக்கமாட்டார்.

தொடரமைப்பில் தமிழின் துணை

ஒலியில் கண்ட தடைகளுக்கு ஈடு செய்வது தொடரியல். சீனம் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசையுடையது என்று பாடநூல்கள் தொடங்குவதால், அது ஆங்கிலம் போன்றது எனக் கற்பவர் எண்ணிவிடுகிறார். செயப்படுபொருளின் இடத்தை நீக்கினால், சீனத் தொடரின் பெரும்பகுதி தமிழ் வரிசையிலேயே நடக்கிறது.

பெயரெச்சம் இதற்குச் சிறந்த சான்று. 'நேற்று வந்த ஆள்' என்பதைச் சீனர் 'நேற்று, வா, த, ஆள்' என்னும் வரிசையில் கூறுவர். இங்குள்ள 'த' என்னும் இடைச்சொல், 'வந்த' என்பதன் ஈற்று அகர விகுதியின் பணியைச் செய்கிறது. 'நான் வாங்கிய புத்தகம்' என்பதும் அவ்வாறே. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் தொங்கும் தொடர்களை முன்னே இழுத்துவரப் படாத பாடு படவேண்டும். தமிழருக்கு இழுக்க ஒன்றுமில்லை. 'என்னுடைய புத்தகம்' என்னும் உடைமைப் பொருளிலும் அதே 'த' வருகிறது. காலமும் இடமும் வினைக்கு முன் வருதல், 'நான் அவனைவிட உயரம்' என்னும் ஒப்பீட்டு வரிசை, 'அவன் ரொம்ப உயரம்' எனப் பயனிலை வினையின்றி நிற்றல், வினாவிடைச்சொல் தொடரின் ஈற்றில் அமர்தல் ஆகியவையும் ஒத்தவை. 'வலிக்கிறதா?' என்பதன் ஆகாரமும் சீனத்தின் 'மா'வும் ஒரே இருக்கையில் அமர்ந்துள்ளன. ஒரு வேறுபாடு: தமிழில் ஆகாரம் 'நேற்றா வலித்தது?', 'இங்கா வலிக்கிறது?' என எச்சொல்லின் மேலும் ஏறும். சீன 'மா' ஈற்றை விட்டு நகராது.

ஆங்கிலவழிக் கற்போரை மிகவும் அலைக்கழிப்பது 'பா3' அமைப்பு. செயப்படுபொருளை வினைக்கு முன் கொணர்ந்து 'நான், பா, மருந்து, சாப்பிடு, ல' என அமைப்பது அது. குறிப்பிட்ட ஒரு பொருளின் மீது செயல் நிகழ்ந்து முடிந்து, அதனால் விளைவு உண்டாகும்போது அது வரும் என நீண்ட விளக்கங்கள் தரப்படுகின்றன. தமிழருக்கு இரு தொடர்களை அருகருகே வைத்தால் போதும்: 'மருந்து சாப்பிட்டேன்', 'மருந்தைச் சாப்பிட்டுவிட்டேன்'. முதலாவதில் ஐயுருபு இல்லை. எந்த மருந்து என்பது பொருட்டன்று. இரண்டாவதில் ஐயுருபும் 'விடு' என்னும் துணைவினையும் சேர்ந்து, இருவரும் அறிந்த அம்மருந்து உண்டு முடிக்கப்பட்டதைக் காட்டுகின்றன. 'பா3' ஐயுருபோடும் 'ல' துணைவினையோடும் எல்லாவிடத்தும் பொருந்தா. ஆயினும் முதற்படியாக இவ்விணைப்பைவிடத் தெளிவான விளக்கம் ஆங்கிலத்தில் கிடைப்பதற்கில்லை. அவ்வாறே 'போயிருக்கிறேன்' என்னும் பட்டறிவுப் பொருளுக்குச் சீனத்தில் 'குவோ' என்னும் இடைச்சொல் உண்டு.

வடசீன வழக்கில் 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடும் உள்ளது. கேட்பவரை உளப்படுத்தும்போது 'ட்ஸான்2மன்'. பொதுவாகவும் உளப்படுத்தாதபோதும் 'வோ3மன்'. தைவானின் மாண்டரினில் இது பெரிதும் வழங்காவிடினும் அங்குப் பேசப்படும் மின் கிளைமொழியில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. ஆங்கிலப் பாடநூலில் இரு சொற்களுக்கும் ஒரே பொருள் தரப்படுவதால், தமிழ் மாணவர் தாய்மொழியில் ஒருபோதும் செய்யாத பிழையைச் சீனத்தில் செய்கிறார்.

எண்களில் ஒரு சிறு தடை உண்டு. சீனர் பத்தாயிரத்தை 'வான்4' என ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவர். இரத்தத் தட்டணு ஒன்றரை லட்சம் என்று தேனியில் சொல்வதைப் 'பதினைந்து வான்' எனக் கொள்ளவேண்டும். கோடி என்பது ஆயிரம் வான். எண்ணோடு அளவைச்சொல் கட்டாயம் என்பதும் புதிது போலத் தோன்றும். ஆனால் 'மூன்று பேர்', 'இரண்டு சீப்பு வாழைப்பழம்', 'ஒரு குலை திராட்சை' என எண்ணிப் பழகிய பள்ளத்தாக்கிற்கு அதன் கருத்து அயலன்று.

உறவுப்பெயர்

அயலாரை உறவுப்பெயரால் அழைத்தல் இரு பண்பாட்டிற்கும் பொது. சீன முதியவளை 'நாய்3நாய்' என அழைக்கத் தயங்கும் மேலைநாட்டு மாணவருக்கு முன், தமிழ் மாணவர் 'பாட்டி' என்னும் அதே இயல்போடு அழைத்துவிடுகிறார். உடன்பிறந்தாரை மூத்தவர், இளையவர் எனப் பிரித்தே பெயரிடுவதும் பொது: அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வருக்கும் சீனத்தில் நான்கு பெயர்கள். எழுத்துத்தமிழின் 'பாட்டி' தந்தைவழி, தாய்வழி வேறுபாட்டைக் காட்டாது. தேனி வட்டாரத்தின் 'அப்பத்தா', 'அம்மாச்சி' காட்டும். சீனமும் காட்டுகிறது: நாய்3நாய் அப்பத்தா, வாய்4ப்ஹோ2 அம்மாச்சி. இவ்விடத்தில் பாடநூல் தமிழைவிட வட்டாரத்தமிழே சிறந்த துணை.

வாய்4ப்ஹோ2 என்பதன் முதலசைக்கு 'வெளி' என்பது பொருள். தாய்வழியார் வெளியார் என்னும் குலக்கோட்பாடு அப்பெயரில் உறைந்துள்ளது. காதணி விழாவிலும் பூப்பு விழாவிலும் தாய்மாமன் சீர் வராமல் சடங்கு தொடங்காத நாட்டிலிருந்து சென்றவருக்கு இது சற்று உறுத்தலான சொல்.

பிளவு ஆழமாவது உறவினரின் மக்களிடத்தில். தந்தையின் உடன்பிறந்த ஆடவரின் மக்களைச் சீனம் 'த்ஹாங்2' என வகைப்படுத்தும். அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயின் சகோதரியர் மக்கள் ஆகிய மூவரையும் 'பியாவ்3' என ஒரே வகையில் அடக்கும். தமிழின் கோடு வேறிடத்தில் செல்கிறது. அத்தை மக்களும் மாமன் மக்களும் முறைக்காரர். சித்தி, பெரியம்மா மக்கள் உடன்பிறந்தார்க்கு ஒப்பானவர். பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனப் புதினமான 'சிவப்பு மாளிகையின் கனவு' இவ்வேறுபாட்டை நன்கு காட்டும். அதன் தலைவன் பாவ்யூவுக்கு முன் இரு பெண்கள் உள்ளனர். தாய்யூ அவன் அத்தை மகள். பாவ்ச்சாய் அவன் சித்தி மகள். சீன வாசகருக்கு இருவரும் 'பியாவ்3'. எவரை மணந்தாலும் தடையில்லை. தமிழ் வாசகருக்குத் தாய்யூ முறைப்பெண், பாவ்ச்சாய் அக்கா. புதினத்தில் திருமணம் பாவ்ச்சாயோடு நிகழ்வது சீனருக்குத் துயரம். தமிழருக்கு அதனோடு ஒரு திடுக்கீடும் சேர்கிறது.

இது இலக்கிய நுட்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. நோயாளியின் குடும்ப வரலாற்றைக் கேட்டறியும் மாணவர் 'பியாவ்3' என்னும் சொல்லைக் கேட்டு, அதைத் தம் மனத்துள் 'முறைக்காரர்' எனப் பெயர்த்துக்கொண்டால், நோய் தந்தைவழி வந்ததா தாய்வழி வந்ததா என்னும் வினாவுக்குப் பிழையான விடை எழுதிவிடுவார். கணவன் மனைவியரிடையே முன்பே உறவு உண்டா என்னும் வினா தேனி மருத்துவமனையில் இயல்பானது. 1980-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் மூன்று தலைமுறைக்குட்பட்ட பக்கவழி உறவினர் மணத்தைத் தடை செய்த சீனாவில், இளம் இணையரிடம் அதே வினா குற்றச்சாட்டாக ஒலிக்கக்கூடும்.

தமிழ்வழிக் கற்பித்தல்

தமிழர் வழியாகவே தமிழில் சீனம் அறிமுகமான முயற்சிகள் உள்ளன. இந்திய வெளியுறவுப் பணியில் இருந்த பயணி எழுதிய 'சீன மொழி ஓர் அறிமுகம்' என்னும் நூலும், சீனத்தின் தொன்மையான கவிதைத் தொகையிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்னும் தொகுப்பும் குறிப்பிடத்தக்கவை. எதிர்த்திசையில் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 முதல் இயங்கி, தமிழ்ப் பெயர் பூண்ட சீன அறிவிப்பாளர் பலரை உருவாக்கியது. அவர்தம் தமிழைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறை தமிழகத்தில் இன்றும் உண்டு. அயலார் ஒருவர் மொழியைக் கற்றுப் பேசும்போது உண்டாகும் மதிப்பை அவ்வொலிபரப்பு தமிழ் நேயருக்கு உணர்த்தியது.

அறிமுக நூலுக்கு அடுத்த படியாகத் தேவைப்படுவது, ஐயுருபையும் பெயரெச்சத்தையும் 'விடு' துணைவினையையும் தொடக்கப்புள்ளியாகக் கொண்ட பயிற்சி இலக்கணம். அதன் முதற்பாடம் தொனி அட்டவணையாக இல்லாமல், 'ம்' என்னும் ஒலியின் நான்கு குரல்வடிவங்களாக அமையலாம். இரண்டாம் பாடத்தில் மூச்சொலியைப் பயிற்ற ஒரு துண்டுத் தாளே போதும்: உதட்டின் முன் பிடித்துச் சொல்கையில் வயிற்றுக்கு அது அசையாது, முயலுக்கு அசையும்.